நடக்கிற வயசும் முடிஞ்ச வயசும்

கோர்வையாக எழுத எனக்கு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேனா பிடித்தால் எழுத்து கோட்டை விட்டு ஏறிப் போகிறது. நடுவில் எதையாவது மறந்துவிட்டு, நினைவு வந்ததும் பாதியில் சொருகுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக இது நெஞ்சுக்குள் கிடந்து துள்ளுகிறது, எழுதாமல் தீராது போலிருக்கிறது. யார் பெயரையும் எழுதவில்லை. அவர்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ. என் பெயரைப் போடவும் எனக்குக் கூச்சம்.

கோட்டையூருக்கு வெளியே ஒரு செம்மண் பொட்டல். அதில் ஆச்சி ஆறு குழி வெட்டி கோல்ஃப் மைதானம் ஆக்கியிருக்கிறார்கள். ஆச்சி என்றால் வயதானவர்கள் என்று நினைக்க வேண்டாம், எனக்குப் பதினைந்து வயது இளையவர்கள். பெரிய வீட்டுப் பெண்கள் எத்தனை வயதானாலும் எங்களுக்கு ஆச்சிதான். மலேசியாவில் இருந்த காலத்தில் ஆடிப் பழகினார்களாம். இங்கே வந்து, சும்மா கிடந்த குடும்ப நிலத்தில் முள்ளை வெட்டி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் மைதானத்தில் புல் கிடையாது. தண்ணீருக்கு எங்கே போக. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் காற்றில் பறக்காமலிருக்க ஆற்று மணலில் பழைய என்ஜின் ஆயிலைக் கலந்து வட்டமாகப் பரப்பியிருக்கும். அந்த மணல் வட்டத்தில் சாக்கை இழுத்துச் சமன் செய்வதுதான் என் வேலை. நான்கு வருடமாகச் செய்கிறேன். எந்த இடத்தில் பந்து வலது பக்கம் சரியும், எந்த இடத்தில் நின்று போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பந்தடிக்கிற ஸ்டிக்கைக் கையால் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரும் பிள்ளைகள் பெருகிப் போய், காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு போட்டி வைக்கலாம் என்று ஆச்சி முடிவு செய்தார்கள். விதி எழுதுவதற்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்து பி.டி. சாரைக் கூப்பிட்டார்கள். மைதானத்து வேப்பமரத்தடியில் மேஜை போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"எங்குட்டுப் போறீக? உக்காருங்கக்கா" என்றார்கள் ஆச்சி.

"வெளையாட்டு விதியெல்லாம் எனக்கு என்ன ஆச்சி தெரியும். நான் சாக்கு இழுக்கிறவ."

"பந்து எங்குட்டு ஓடும், எங்குட்டு மாட்டும்னு உங்களுக்குத்தான தெரியும். உக்காருங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். சார் போனில் இருந்து விதியை வாசித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். ஏரியில் விழுந்தால் இப்படி, ஓடையில் விழுந்தால் அப்படி என்று வெளியூர் விதிகள். எனக்கு வாய் அரித்தது. அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"சார், ஆடு பந்தத் தட்டி விட்டா?"

"பழைய எடத்துலயே வச்சு அடிக்கணும்மா."

"பழைய எடம் எதுன்னு ஆட்டுக்கிட்டயா கேக்குறது?"

ஆச்சி சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. ஆனால் சார் சிரிக்கவில்லை, உடனே எழுதினார். மூன்று பிள்ளைகள் ஒரு அணியாகப் போகும்போது கூடவே ஒரு பெரிய ஆள் போக வேண்டும், அவர் கண்ணால் பார்த்த இடம்தான் பழைய இடம். அது முதல் விதியாகப் போய்விட்டது. அப்புறம் எனக்குக் கூச்சம் கொஞ்சம் விட்டது. கருவேல முள்ளுக்குள் பந்து போனால் கையை விட்டுத் துழாவக் கூடாது, உள்ளே என்ன சுருண்டு கிடக்குமோ. ஒரு அடியைக் கூட்டிக்கொண்டு வெளியே வைத்து அடிக்கலாம் என்றேன். எழுதினார்கள். பத்து அடி அடித்தும் குழியில் விழவில்லை என்றால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விட வேண்டும் என்றேன். ஒரு பொடிசு முன்பு இருபத்து மூன்று அடி எண்ணிவிட்டு மணலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதினார்கள். தாய் தகப்பன் ஓரமாகக் கட்டுகிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது ஆச்சி போட்டது.

வயதை வைத்து இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். பன்னிரண்டு வயது முடியாத பிள்ளைகள் சின்னக் கூட்டம். அவர்கள் முன்னால் அடித்திருக்கும் வெள்ளை முளையிலிருந்து தொடங்கலாம். பன்னிரண்டு முடிந்து பதினைந்து முடியாதவர்கள் பெரிய கூட்டம். அவர்களுக்குச் சிவப்பு முளை, நாற்பது ஐம்பது தப்படி பின்னால். பதினைந்து முடிந்தவர்களுக்கு இடமில்லை.

ஏழாவது விதி முழுக்க நான் சொன்னது. அதற்கு முன் ஒரு நாள் விளையாட்டாக வைத்த ஆட்டத்தில், கூட ஆடுகிற பிள்ளைகள் கெட்டி என்று தெரிந்ததும் ஒரு தகப்பன் தன் மகனைப் பாதியில் இழுத்து மற்ற கூட்டத்தில் விட்டார். அதனால் சொன்னேன். "மொதப் பந்தை அடிச்சுட்டா அப்புறம் கூட்டம் மாறக் கூடாது ஆச்சி. கண்டிசனா எழுதுங்க." கண்டிசனாகவே எழுதினார்கள்.

பெயர் எழுதுகிற வேலையும் எனக்கே வந்தது. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாமார் வாசலில் என்னைத்தானே பார்க்கிறார்கள். அரைக்குயர் நோட்டில் பெயர், ஊர், வயது, போன் நம்பர் எழுதினேன். ஆதாரை எல்லாரிடமும் வாங்கி அடுக்க வேண்டாம், ஜெயிக்கிற பிள்ளைக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார்கள். நான் வயது என்ன என்று கேட்டேன், அவர்கள் சொன்னார்கள், நான் எழுதினேன். எங்கள் பக்கத்தில் வயது கேட்டால் எப்படிச் சொல்வோம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். பத்து முடிந்து மறுநாள் விடிந்தால் பிள்ளைக்குப் பதினொன்று. நடக்கிற வருடத்தைத்தான் சொல்வோம். இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற விஷயமாகவே தோன்றவில்லை.

ஆத்தங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு பிள்ளை வரும். அதன் அம்மா அங்கே கல் பட்டறையில் தரைக்கல் ஊற்றுகிறவர். அந்தப் பிள்ளையிடம் இருந்தது ஒரே ஒரு இரும்பு ஸ்டிக், அதுவும் ஆச்சி கொடுத்தது. தூரத்துக்கு அடிப்பதும் அதால்தான், மணலில் உருட்டுவதும் அதால்தான். கூட்டத்துக்கு ஒருவராக, ஆறு குழியையும் குறைந்த அடியில் முடித்து ஜெயிக்கிற இரண்டு பிள்ளைகளைக் கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. அதைக் கேட்ட நாள் முதல் அந்தப் பிள்ளைக்கு வேறு நினைப்பே இல்லை.

"அப்பத்தா, அங்க புல்லு மேல ஆடுவாங்களாமே. புல்லுல பந்து எப்பிடி உருளும்?"

"நான் எங்கடி பார்த்தேன். போயிட்டு வந்து நீ சொல்லு."

"சொல்றேன்" என்றது, ஏதோ டிக்கெட் எடுத்துவிட்ட மாதிரி.

போட்டி அன்று விடியற்காலையே பொட்டலில் அத்தனை வண்டி. காரைக்குடியிலிருந்து காரில் வந்தவர்கள், கண்டரமாணிக்கத்திலிருந்து ஆட்டோவில் நெருங்கி உட்கார்ந்து வந்தவர்கள். எனக்கு இரண்டாம் குழி மணல் வட்டம். கால் தரையில் பாவவில்லை. சாக்கை இழுத்ததையே இழுத்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்பதால் பெரிய கூட்டத்தை முதலில் விட்டார்கள், வேகமாகப் போய்விடுவார்கள் என்று.

பெரிய கூட்டத்தின் கடைசி அணி இரண்டாம் குழிக்கு வந்தது. மீசை அரும்பின இரண்டு பையன்கள். அவர்களுக்கு நடுவில், தோள் உயரம்கூட இல்லாமல், அந்த ஆத்தங்குடிப் பிள்ளை. நோட்டில் நான் எழுதியது பன்னிரண்டு என்று எனக்கு நினைவு இருந்தது. ஆனாலும் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதல் குழியில் அதற்கு ஆறு அடி ஆகியிருந்தது. இங்கே மணலுக்கு வந்து சேரவே ஐந்து. மேலும் இரண்டு அடியில் குழியில் போட்டது.

பந்தை எடுக்கக் குனிந்த பிள்ளையைப் பார்த்து ஒரு பையன் கேட்டான். "ஏய் குட்டி, நீ எத்தனாவது?"

"ஆறாவது."

"ஆறாவதா? ஃபெயிலாகி ஃபெயிலாகிப் படிக்கிறியா? பன்னெண்டு முடிஞ்சவகதான் இங்க ஆடணும்."

"நான் ஒண்ணும் ஃபெயிலாகல. எனக்கு தையிலதான் பன்னெண்டு முடியும். எழுதினவங்க இங்குட்டுப் போட்டுட்டாங்க, ஆடுறேன். ஒனக்கென்ன?"

எழுதினவள் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் அப்போது இருந்தது புரட்டாசியில். அந்தப் பிள்ளையின் அம்மா வாசலில் நின்று "பன்னெண்டு பெரியம்மா" என்று சொன்னது காதில் அப்படியே கேட்டது. நடக்கிற பன்னிரண்டு. முடிந்தது பதினொன்று. சின்னக் கூட்டத்துப் பிள்ளையைப் பிடித்துச் சிவப்பு முளையில் நிறுத்திவிட்டேன். அடுத்த புரட்டாசிக்கு அதற்குப் பன்னிரண்டு முடிந்துவிடும், சின்னக் கூட்டத்தில் காலாண்டு லீவுப் போட்டியை ஆட அதற்கு இனி வழியில்லை. இந்தப் பெரிய பையன்களிடம் ஜெயிக்கவும் வழியில்லை. கோயம்புத்தூர் போச்சு. மாற்றலாம் என்றால் ஏழாவது விதி. கண்டிசனாக எழுதச் சொன்னவளே நான்.

பக்கத்துக் குழியில் சாக்கு இழுக்கிற பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தப் பசங்களக் கொஞ்சம் நிறுத்தி வை" என்று சாக்கையும் அவள் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். எழுபது வயதில் ஓடினேன் என்றால் நம்புங்கள். செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடந்தது. ஆச்சியும் சாரும் இருந்த பந்தலுக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன். ஆச்சி தண்ணீர் கொடுத்தார்கள்.

"என்னக்கா, பாம்பா?"

"நான் தப்பு பண்ணிட்டேன் ஆச்சி."

எப்படியோ சொல்லி முடித்தேன். சார் உடனே அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கயிற்றுப் பக்கமிருந்து கூப்பிட்டு, பையிலிருந்த ஆதாரைப் பார்த்தார். தை மாதம்தான். பெரிய கூட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருந்த இன்னும் இரண்டு பிள்ளைகளின் வீட்டாரையும் கேட்டார். அவர்களுக்கு முடிந்திருந்தது. இது ஒன்றுதான் தப்பு.

"ஏழாவது விதி இருக்கே" என்றார் சார்.

"அது ஆடுறவங்க மாறுறதுக்கு. நம்ம எழுதுனது தப்புன்னா நம்மதான திருத்தணும்" என்றார்கள் ஆச்சி. "வெள்ளை முளையிலேருந்து மறுபடி முதல்ல ஆரம்பிக்கச் சொல்வோமா?"

"கூடாது மேடம். ரெண்டு குழி ஆடிப் பார்த்துட்டு மறுபடி அதையே ஆடினா மத்த பிள்ளைங்களுக்கு அநியாயம்."

சார் சொன்னது நியாயம்தான். அதனால் இப்படி முடிவானது: சிவப்பு முளையிலிருந்து அடித்த பதிமூன்று அடியும் அப்படியே கணக்கில் நிற்கும். மூன்றாம் குழியிலிருந்து சின்னக் கூட்டத்தோடு வெள்ளை முளையில் ஆடலாம். பிள்ளையை வரவழைத்துச் சம்மதமா என்று கேட்டார்கள். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாங்குழிக்கு இப்பவே போகவா?" என்றது.

"அக்கா, அந்த அணிக்குப் பாக்குற கண்ணா நீங்களே போங்க" என்றார்கள் ஆச்சி. "ஆனா விதி தெரியுமுல்ல. வாயத் தொறக்கக் கூடாது."

சின்னக் கூட்டத்தின் முதல் அணியில் காரைக்குடியிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். பை நிறைய ஸ்டிக், தலையில் வெள்ளைத் தொப்பி, நன்றாகவே ஆடினான். இரண்டு குழிக்கு அவனுக்குப் பத்து அடி. எங்கள் பிள்ளைக்குப் பதிமூன்று. எங்கள் பிள்ளை என்று எழுதுகிறேன், அன்று கண்ணாகப் போனவள் அப்படி நினைக்கக் கூடாது. இருந்தாலும் நினைத்தேன்.

மூன்றாம் குழியில் இரண்டு பேருக்கும் ஐந்து. மூன்று அடி வித்தியாசம் அப்படியே நின்றது. நாலாம் குழியில் அவன் பந்து பறந்து போய்க் கருவேல முள்ளுக்குள் விழுந்தது. அவன் கையை விடப் போனான். நான் முந்தானையை ஆட்டித் தடுத்தேன். ஒரு அடியைக் கூட்டி வெளியே வைத்து அடித்தான், ஏழாகிவிட்டது. பிள்ளைக்கு ஐந்து. ஒரே ஒரு அடி வித்தியாசம். ஐந்தாம் குழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்து, நான் இரண்டு பந்தையும் இரண்டு கண்ணால் காவல் காத்தேன். நல்லவேளை, எந்த ஆடும் தொடவில்லை. இரண்டு பேருக்கும் ஐந்து.

கடைசிக் குழி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. விதியை மதித்து ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஆறு அடியில் போட்டு முடித்தான். பிள்ளை மூன்று அடியில் மணலுக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரே அடியில் விழுந்தால் ஜெயிக்கலாம். இரண்டானால் சமன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மயில் வந்து மணல் வட்டத்துக்குள் நின்றது. நின்றதென்றால் நகரவே இல்லை. விரட்டக் கூடாது என்பதும் நாங்கள் எழுதிய விதிதான். எல்லாரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது நிதானமாகப் பந்துக்கும் குழிக்கும் நடுவில் நடந்து, காலடியைப் பதித்துவிட்டுப் போனது. உருட்டும் முன் ஒரு தடவை மணலைச் சமன் செய்யலாம் என்பதும் விதி. ஆறாம் குழிச் சாக்கு என் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். நான்கு வருடமாக இழுக்கிற வேலைதான். பந்திலிருந்து குழி வரை ஒரே சீராக, எந்தப் பக்கமும் பள்ளம் விழாமல், எல்லாருக்கும் இழுக்கிற மாதிரியே இழுத்தேன். பிறகு தள்ளி நின்று முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

பிள்ளை குனிந்து பார்த்தது. அந்த இடத்தில் பந்து கடைசி ஒரு சாண் இடது பக்கம் சரியும், எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது. அது கொஞ்சம் வலது பக்கம் பார்த்து உருட்டியது. பந்து போனது, போனது, சரிந்தது, குழி விளிம்பில் நிற்பது போலிருந்தது, விழுந்துவிட்டது.

பிள்ளைக்கு முப்பத்திரண்டு. பையனுக்கு முப்பத்து மூன்று. கூட ஆடியவர்களிலும் பின்னால் வந்த அணிகளிலும் முப்பத்தைந்துக்குக் கீழே ஒருவரும் அடிக்கவில்லை.

பந்தலில் ஆச்சி பிள்ளையின் பெயரை வாசித்ததும் அந்தப் பையனின் அப்பா முன்னால் வந்தார். கோபமாக இல்லை, ஆனால் விடுகிறவராகவும் இல்லை. "ஏழாவது விதின்னு ஒண்ணு குடுத்தீகளே, அது என்னாச்சு? அந்தப் பொண்ணு பெரிய பசங்களோட ஆரம்பிச்சத நாங்க எல்லாம் பார்த்தோம்" என்றார்.

ஆச்சி மைக்கை என்னிடம் நீட்டினார்கள். "அந்த விதி அக்கா போட்டது. அவங்களே சொல்லட்டும்."

இத்தனை பேருக்கு முன்னால் என் கல்யாணத்தில்கூட நான் தலை நிமிர்ந்ததில்லை. மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு பேசினேன்.

"புள்ளைக கூட்டம் மாறக் கூடாதுன்னுதான் நான் சொன்னேன் தம்பி. புள்ள மாறல. நான்தான் மாத்தி எழுதிட்டேன். அவக அம்மா நடக்குற வயசச் சொன்னாக, நான் முடிஞ்ச வயசுன்னு எடுத்துக்கிட்டேன்."

"வயசுன்னா முடிஞ்சதத்தானம்மா சொல்லணும்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. நோட்டைப் பிரித்து அவர் மகன் பெயரைத் தேடினேன். "ஒங்க மகனுக்குப் பதினொண்ணுன்னு சொன்னீக. முடிஞ்சதா, நடக்குதா?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பத்துதானப்பா முடிஞ்சிருக்கு" என்றான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "ஆத்தாடி, நானும் நடக்குறதத்தான சொன்னேன்" என்றாள். இன்னொருத்தி, "நானும்" என்றாள். ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கி, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். பதிமூன்று அடியும் சிவப்பு முளையிலிருந்து எண்ணியதுதான் என்று சார் அடிகளைக் குறித்த சீட்டைக் காட்டினார். அவர் அதை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று மகனைக் கூட்டிப் போய் அந்தப் பிள்ளைக்குக் கை கொடுக்க வைத்தார். பையன் திரும்பி வரும்போது, "அப்ப அடுத்த வருசமும் நான் சின்னக் கூட்டந்தானப்பா?" என்று கேட்டான். தோற்றதைவிட அதுதான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பிள்ளை போன வாரம் கோயம்புத்தூர் போய்விட்டது. விதியையும் மாற்றிவிட்டோம். இனி வயதைக் கேட்பதில்லை, பிறந்த வருடத்தையும் மாதத்தையும் ஆதாரைப் பார்த்து எழுதுவது.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போட்டி முடிந்த மறுநாள் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஒரு பெயரை எழுதி, நானே அடித்திருந்தது. வயது பதினைந்து. அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் "பதினஞ்சு ஆயிருச்சு, இடமில்ல" என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். அந்த அம்மா சொன்னதும் நடக்கிற வயதாகத்தான் இருக்கும். அப்படியானால் அவனுக்கு முடிந்தது பதினான்கு. அவனும் ஆடியிருக்கலாம். பெயரை அடித்த கையோடு போன் நம்பரையும் வாங்காமல் விட்டிருக்கிறேன். ஊர் கண்டரமாணிக்கம் என்று எழுதியிருக்கிறேன், அதன் மேலும் கோடு விழுந்திருக்கிறது, வேறு ஊராகவும் இருக்கலாம்.

அடுத்த போட்டி முழுப் பரீட்சை லீவில். அதற்குள் அவனுக்குப் பதினைந்து முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படிக்கிற யாராவது, அந்தப் பக்கத்துக்காரர்களாக இருந்தால், விசாரித்துச் சொல்லுங்கள். பிறந்த மாதத்தை ஆதாரில் பாருங்கள், வாயால் கேட்க வேண்டாம். நான் எழுதியிருக்கிற அடிக் கணக்கிலும் தப்பு இருந்தாலும் இருக்கும், சீட்டெல்லாம் சாரிடம் இருக்கிறது, அதையும் ஒருவர் கூட்டிப் பார்த்துவிட்டால் நல்லது.